நாளைக்கான நம்பிக்கையை விடாமல் இன்றில் வாழ முடியுமா?

கேள்வி: படிப்பு முடிந்து இரண்டு வருடமாகத் தேர்வு, முடிவு, மறுபடி தேர்வு என்று காத்திருக்கிறேன். வீட்டில் "நம்பிக்கையை விடாதே" என்கிறார்கள். கேட்கிற பேச்செல்லாம் "இந்தக் கணத்தில் வாழ்" என்கிறது. இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது? உள்ளுக்குள் பாதி ஆளாகவே இருக்கிறேன்.

பதில்:

முடியும். ஆனால் என்ன மாதிரி நம்பிக்கை என்று முதலில் பார்க்க வேண்டும். தேதியும் விலையும் குறித்து வைத்த நம்பிக்கை இன்றைய நாளைத் தின்றுவிடும். அடுத்து செய்ய வேண்டிய வேலையில் ஊன்றிய நம்பிக்கைக்கு இன்றைய நாளோடு சண்டையே கிடையாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஏலக்காய் விளையும் ஏலக்காடுதான்.

எங்கள் வீடு கம்பத்தில். கம்பம்மெட்டு வழியாக மலையேறினால் கேரளம். அங்கே வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். காயெடுக்கப் போகும் பெண்களோடு அதே ஜீப்பில்தான் தினமும் போய் வருவது. விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் அவர்கள்.

ஏலச்செடியை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் கொஞ்சம் சொல்கிறேன். காய் மேலே கிளையில் தொங்காது. தூரடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும். அந்த ஒரே சரத்தில் இன்று பூத்த பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், உள்ளே விதை கறுத்து எடுக்கத் தயாரான காயும் இருக்கும். பூவின் ஆயுசு ஒரு நாள். அதற்குள் தேனீ வந்தால்தான் காய். நட்ட செடி காய்ப்புக்கு வர மூன்றாவது வருடம் ஆகும். காய்க்கத் தொடங்கிய பிறகும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்துவிட முடியாது. ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை சுற்றிச் சுற்றி வந்து, முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர்ந்தபின் சுருங்கிப் போகும், விலையும் போகாது. முற்றியதை விட்டுவைத்தால் பழுத்து வெடிக்கும், இல்லாவிட்டால் அணில் தின்னும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தபோது மூத்த அக்கா ஒருவர் சொன்னார்: "அதத் தொடாத தம்பி, அது அடுத்த எடுப்புக்கு. இந்தா, இது இன்னைக்கு." சொல்லிக்கொண்டே அவர் கை அடுத்த தூருக்குப் போய்விட்டது. அடுத்த எடுப்பு வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் பிஞ்சை விட்டுவைக்கிறார். ஆனால் கண்ணும் விரலும் முழுக்க இன்றைய காயில் இருக்கின்றன. நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே கையில் நடப்பதை அங்கே பார்த்தேன்.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் ஏகப்பட்ட தோட்டம் அழிந்தது. அடுத்த கோடையில் மழையும் தவறியது. காய் குறைந்ததால் 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலவிற்பனையில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அது அன்றைய உச்ச விலைதான், சராசரி அதற்கு வெகு கீழே. ஆனால் ஊர் மனதில் அந்த ஒரு எண் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. கூடுதல் குத்தகைக்கு நிலம் எடுத்தவர்கள், வட்டிக்கு வாங்கி நட்டவர்கள் எல்லாரும் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். 2021இல் விலை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. பணம் போன துயரம் பெரிது. அதைவிட எனக்கு வலித்தது, அந்த இரண்டு வருடமும் அவர்கள் வீட்டில் இருந்தும் இல்லாமல் போனது. பிள்ளை பேசினால் காதில் விழாது, செல்போனில் விலையைப் பார்த்தபடியே சோறு இறங்கும்.

உளவியலிலும் இதற்கு இசைவான செய்தி உண்டு. 2010இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் செல்போன் வழியாகப் பகலில் அவ்வப்போது "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது" என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்தபோது மகிழ்ச்சி குறைவாக இருந்தது. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்கிற வேலையில் மனம் வைத்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை.

அதற்காகத் திட்டமே போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். தினக்கூலி வாங்குகிற வீட்டில் போய் நாளையை மறந்துவிடு என்பது இரக்கமற்ற பேச்சு. எங்கள் ஜீப்பில் வாராவாரம் சீட்டுப் பணம் கட்டாத பெண்ணே இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. நம்பிக்கையை ஆராய்ந்த ஸ்னைடர் என்ற அமெரிக்க உளவியலாளர், அதில் இலக்கோடு இன்னும் இரண்டு வேண்டும் என்றார்: அங்கே போகும் வழிகள், அந்த வழியில் நடக்கும் உறுதி. ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடுவதும் அதில் சேர்த்திதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லையை அடைத்தபோது அந்த அக்கா மலையையே பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. பிறகு கீழே திராட்சைத் தோட்டத்தில் ஆள் தேடினார்கள் என்றதும் போய்விட்டார். காலையில் அவர் கேட்டது ஒன்றுதான்: "இன்னைக்கு எங்க வேல?"

பாதி ஆளாக இருக்கிறேன் என்றீர்களே, அதைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார். கணவரை இழந்தவர். நினைப்பு வந்தால் ஜீப்பிலேயே அழுவார், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்வார், அடுத்த வளைவில் யாரோ சொன்ன கதைக்கு வாய்விட்டுச் சிரிப்பார். அந்த அழுகையும் அவர்தான், சிரிப்பும் அவர்தான். அவரைக் குறைந்த ஆளாக என்னால் ஒருநாளும் நினைக்க முடிந்ததில்லை. வேலை கிடைத்த பிறகுதான் முழு ஆள் ஆவோம் என்று நீங்கள் தள்ளிவைத்திருப்பது, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும் இன்றைய வேளையையும் சேர்த்துத்தான் தள்ளிவைக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முடிவு வரும் தேதியைச் சுவரில் ஒட்ட மாட்டேன். இன்று படிக்க வேண்டிய பாடம் எது, தேர்வு கைகூடாவிட்டால் வேறு எந்த வேலைக்கு இந்த வாரம் விண்ணப்பிக்கலாம் என்ற இரண்டை மட்டும் எழுதி வைப்பேன். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டு ஆட்களோடு இருப்பேன். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதை மனப்பக்குவக் குறை என்று தள்ளிவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.