மனரம்மியமும் சேமலாப நிதியும்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் கழித்த பணம் பல மாதங்களாகக் கட்டப்படவில்லை என்று அண்மையில் அறிந்தேன். வீட்டு வாடகையும் கூடிவிட்டது. ஜெபக் கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதபோது, "பவுலைப் போல எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க வேண்டும்" என்று மூத்த சகோதரி ஒருவர் கடிந்துகொண்டார். முறைப்பாடு செய்தால் அது அவிசுவாசமாகுமா?

பதில்: ஆகாது, சகோதரி. அவர் சுட்டியது வேதாகமத்தின் பிலிப்பியர் 4:11; மனரம்மியம் என்றால் மனநிறைவு. விலங்கிடப்பட்டிருந்த பவுல், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு எழுதிய நிருபம் அது. மனரம்மியத்தைப் பற்றிச் சொன்ன கையோடு, தம் உபத்திரவத்தில் அவர்கள் பங்கெடுத்தது நல்லது என்றும் 14ஆம் வசனத்தில் எழுதுகிறார். அதுவரை வாசித்திருந்தால், அந்தச் சகோதரி உங்கள் வாடகையைப் பற்றியும் விசாரித்திருப்பார். அழுகையும் குற்றமல்ல, அந்த எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாயிலிருந்து பிழைத்ததைத் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் நேராதபடி தேவன் காட்டிய இரக்கம் என்றே பவுல் சொல்கிறார்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை அப்போஸ்தலர் 16இல், அதே பிலிப்பி பட்டணத்தில் இருக்கிறது. விசாரணையின்றி அடிக்கப்பட்டு, சிறையில் தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட நிலையில் பவுலும் அவருடைய உடனூழியர் சீலாவும் நடுராத்திரியில் தேவனைத் துதித்துப் பாடினார்கள். விடிந்ததும், போகலாம் என்று அதிகாரிகள் ஆளனுப்பியபோது பவுல் அசையவில்லை. ரோமக் குடிமக்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப்போகட்டும் என்றார். இரவில் பாடிய அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ், உங்கள் சம்பளத்தில் கழிக்கும் 8 சதவீதத்தோடு தொழில் தருநர் 12 சதவீதம் சேர்த்துக் கட்டவேண்டும். ஆகவே சம்பளச் சீட்டுகளுடன் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்திற்குச் சென்று முறையிடுங்கள்.

மனரம்மியம் உங்களுக்குத் தேவைப்படப் போவது அதற்குப் பின்புதான். விசாரணை இழுபடும் மாதங்களில், முதலாளிமீது கசப்பு வளராமலும், வெளிநாட்டுப் பணம் வரும் பக்கத்து வீட்டோடு உங்கள் வீட்டை ஒப்பிட்டுக் குமையாமலும், அன்றன்றைய உணவுக்கு மனதார நன்றி சொல்லி உண்பது எளிதல்ல. பவுலுக்கும் அது ஒரே நாளில் வாய்க்கவில்லை; பசியிலும் குளிரிலும் காவலிலும் கிடந்தே கற்றார், அதுவும் தம் பலத்தால் அல்ல, கிறிஸ்துவினாலே என்கிறார். திணைக்களத்திற்குப் போகும் நாளில் அந்த மூத்த சகோதரியைத் துணைக்கு அழைத்தாலும் தவறில்லை.