கண் விழித்திருக்க, மூளை உறங்கும் கணம்

கேள்வி: அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் சுதாரித்தேன். “என்ன யோசனை?” என்று மாமியார் கேட்டார், உண்மையில் எந்த யோசனையும் இல்லை. இது மறதி நோயின் தொடக்கமா? அந்த நேரத்தில் மூளையில் என்னதான் நடக்கிறது?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து மறதி நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. மனத்தில் பதிந்தது வேண்டிய வேளையில் நினைவுக்கு வராமல் போவதே மறதி. மனம் அலைபாய்வதும் இதுவன்று; அலைபாயும் மனத்தில் ஏதோ ஒரு நினைப்பு ஓடிக்கொண்டேயிருக்கும். உங்களுக்கு நேர்ந்தது, நினைப்பே இல்லாத வெறுமை.

2011-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உறங்க வேண்டிய நேரத்தில் எலிகளுக்குப் புதுப்புதுப் பொருள்களைக் காட்டிச் சில மணி நேரம் விழித்திருக்க வைத்தார்கள். அவை கண் திறந்து நடமாடிக்கொண்டிருக்கையிலேயே, மூளையின் மேலடுக்கான புறணியில் ஆங்காங்கே சில நரம்பணுக்கள் மட்டும், ஆழ்ந்த உறக்கத்தில் நடப்பதுபோல, நொடிக்கும் குறைவான நேரம் ஓய்ந்து அடங்கின. உரிய இடத்தில் அப்படி அடங்கியபோது, சர்க்கரை உருண்டையை எட்டி எடுக்கப் பழகியிருந்த எலியின் முன்னங்கால் குறி தவறியது. மூளை முழுவதும் ஒருசேர உறங்கும், ஒருசேர விழிக்கும் என்ற நம் எண்ணத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்வேன்.

மனிதரிடமும் இதை ஒத்தது தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஆண்ட்ரியான் குழுவினர், திரையில் வரும் எண்களில் 3 தவிர மற்றவற்றுக்கெல்லாம் பொத்தானை அழுத்தும் சலிப்பூட்டும் வேலையைக் கொடுத்து, இடையிடையே நிறுத்தி, “இப்போது மனத்தில் என்ன இருந்தது?” என்று கேட்டார்கள். “ஒன்றுமில்லை” என்ற பதிலுக்குச் சற்று முன்னர், மூளையின் மின் அலைகளைப் பதிவதற்காகத் தலையில் பொருத்திய மின்வாய்களில் உறக்கத்துக்கே உரிய மெதுவான அலைகள் பதிவாகியிருந்தன. அந்த அலைகள் மூளையின் பின்புறப் பகுதிகளில் எழுந்தபோது கை மந்தமாயிற்று. பொத்தானை அழுத்தத் தவறுவதும் நேர்ந்தது. 2021-இல் வெளியான ஆய்வு இது.

ஆகவே உங்கள் கண்ணில் பால் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். பட்டதை உணர்வாக்கும் பகுதிகள் சற்றே கண்ணயர்ந்திருக்கக்கூடும். முந்தின இரவுகளில் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விழித்திருக்கும் நேரம் நீள நீள, அடினோசின் என்னும் பொருள் மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காபி அதன் வேலையைச் சிறிது நேரம் தடுக்குமே ஒழிய, உறக்கக் கடனை அடைக்காது. தூக்கம் குறைந்த நாளில் அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள். வண்டி ஓட்டுவதை அறவே தவிருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளை பேச்சின் நடுவே திடீரென நின்று, சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடவாததுபோல் தொடர்வது ஒரு நாளில் பலமுறை நிகழ்ந்தால், அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். பராக்குப் பார்க்கிறான் என்று அடிக்காமல், நரம்பியல் மருத்துவரிடம் காட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனை எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதை மருந்தால் கட்டுப்படுத்திவிடலாம்.