டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

கேள்வி: ஐயா, அப்பா வாங்கிய 1984 அம்பாசிடர் மார்க் 4 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது, பெட்ரோல் வண்டி. ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்டை எத்தனை முறை சுத்தம் செய்து இடைவெளி வைத்தாலும், ஸ்பார்க் நேரம் பார்க்கும் டைமிங் லைட் அடித்தால் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் குதிக்கிறது. கிராங்க் புல்லியில் பல்சக்கரம் மாட்டி, சென்சார் வைத்து, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர் இல்லாமலே ஓட்டலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? – மதுரை வாசகர்

பதில்: செய்யலாம். ஆனால் குறி குதிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பார்த்துவிடுவோம். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டரை எடுத்துவிட்டு, ஷாஃப்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. இந்த 1489 சிசி இன்ஜினில் பாயிண்ட் இடைவெளியே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான், அதில் ஷாஃப்ட் ஒரு முடி அளவு சாய்ந்தாலும் பாயிண்ட் திறக்கும் நேரம் மாறிவிடும். டிஸ்டிரிபியூட்டர் சுற்றுவது கிராங்கின் பாதி வேகத்தில், அதனால் அங்கே 1 டிகிரி பிசகினால் கிராங்கில் 2 டிகிரி பிசகு. கிராங்கிலிருந்து டைமிங் செயின், கேம்ஷாஃப்ட், அங்கிருந்து பல் வழியாக டிஸ்டிரிபியூட்டர் என்று சுற்றி வருகிற வழியில் நாற்பது வருடத் தேய்மானம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் அந்தக் குறியை ஆட்டுகிறது.

நல்ல லேத் பட்டறையில் புது புஷ் அடித்து, புது பாயிண்ட், கண்டென்சர் போட்டால் பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பது என் அனுபவம். அதையும் செய்து பார்த்துவிட்டீர்கள், அல்லது மாதாமாதம் பாயிண்டோடு மல்லுக்கட்ட மனமில்லை என்றால் உங்கள் நண்பர் சொன்ன பல்சக்கரமும் சென்சாரும், அதாவது கிராங்க் டிரிக்கர், நிஜமாகவே நல்ல வழி. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கிராங்கிடமே நேராகக் கேட்கிறோம், நடுவில் தேயவும் தளரவும் எதுவும் இல்லை.

பரவலாகப் பயன்படுவது 36 பல் பிரித்து அதில் ஒன்றை விட்டுவிட்ட சக்கரம், அதாவது பல்லுக்குப் பல் 10 டிகிரி. அந்த விடுபட்ட பல்லின் இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் யூனிட்டுக்குத் தெரிந்துவிடும். ஃபோர்டு 90-களில் தன் கார்களில் போட்ட, டிஸ்டிரிபியூட்டர் தேவைப்படாத எடிஸ் யூனிட்டும் இதே சக்கரத்தைத்தான் வைத்துக்கொண்டது, பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் அதை ஸ்பார்க் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மெகாஜோல்ட் என்ற சின்னக் கன்ட்ரோலரோடு சேர்த்து மாட்டுவார்கள். இரட்டைக் காயில் பேக்கில் 1-ம் 4-ம் சிலிண்டர் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஒரு ஜோடியில் இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும், ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவில். இரண்டாவது ஸ்பார்க் வீண்தான், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. லாபம் என்னவென்றால் 3000 ஆர்.பி.எம்.-இல் பழைய ஒற்றைக் காயில் வினாடிக்கு 100 முறை அடித்தாக வேண்டும், இங்கே ஒவ்வொரு காயிலுக்கும் 50 முறைதான், நிரம்ப நேரம் கிடைக்கும்.

எல்லோரும் எலக்ட்ரானிக்ஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆனால் வேலை முழுக்க இரும்பில்தான் இருக்கிறது. சக்கரம் இரும்பாக இருக்க வேண்டும், அலுமினியச் சக்கரத்தைக் காந்த சென்சார் பார்க்காது. லேத்தில் புல்லியோடு சேர்த்துப் பிடித்து ஓட்டம் பார்க்கச் சொல்லுங்கள், சக்கரம் வளைந்து சுற்றினால் சென்சார் இடைவெளி ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் விலகும். அந்த இடைவெளி 1 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். புல்லியில் நடுவே ரப்பர் இருந்தால் வெளி வளையத்தில் சக்கரத்தை மாட்டவே மாட்டாதீர்கள், ரப்பர் தளர்ந்து வளையம் நழுவினால் டைமிங் கூடவே நழுவும். சென்சார் பிராக்கெட் இன்ஜினில்தான் போல்ட் ஆக வேண்டும், சேஸிஸில் அல்ல, ஏனென்றால் இன்ஜின் மவுண்டிங்கில் ஆடிக்கொண்டே இருக்கும். நான் முதல் வண்டிக்கு மெல்லிய பட்டையில் பிராக்கெட் வளைத்தேன், 2500-ஐத் தாண்டியதும் அது அதிர ஆரம்பித்து மிஸ்ஸிங் வந்தது. எலக்ட்ரானிக்ஸை நான்கு நாள் பிரித்துப் பார்த்த பிறகுதான் குற்றவாளி பட்டை என்று தெரிந்தது. 5 மில்லிமீட்டர் தகட்டில், இரண்டு போல்ட்டாவது போட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பழைய குறியை நம்பாதீர்கள். 1-ஆம் பிளக் ஓட்டையில் ஒரு தடுப்பு போல்ட்டை இறக்கி, இன்ஜினைக் கையால் ஒரு பக்கம் பிஸ்டன் மோதும் வரை சுற்றிக் குறி போடுங்கள், மறுபக்கமும் அப்படியே, இரண்டு குறிக்கும் சரியாக நடுவில்தான் டி.டி.சி. எடிஸ் யூனிட் என்றால் அதற்கு 90 டிகிரி முன்னால், அதாவது ஒன்பது பல் முன்னால் இன்ஜினை நிறுத்தி, விடுபட்ட பல் சென்சாருக்கு நேரே வருமாறு சக்கரத்தை இறுக்க வேண்டும். வேறு யூனிட் வாங்கினால் அதனுடன் வரும் படத்தைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு இல்லை.

கழற்றுவதற்கு முன்னால் இன்னொரு காரியம், இதை விட்டுவிட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள். டைமிங் லைட்டை வைத்து 1000, 1500, 2000, 3000 என்று ஒவ்வொரு வேகத்திலும் இப்போது எத்தனை டிகிரி அட்வான்ஸ், அதாவது டி.டி.சி.-க்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க், வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள், வேக்குவம் டியூபைக் கழற்றி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. குறி குதித்தாலும் நடு இடத்தைப் பார்த்து எழுதினால் போதும், அதுதான் உங்கள் முதல் மேப், கன்ட்ரோலருக்குக் கொடுக்கும் டைமிங் அட்டவணை. நாக்கிங், அதாவது இன்ஜினில் தட்டும் சத்தம், கேட்டால் அட்வான்ஸைக் குறைப்பது எளிது, கேட்காமல் ஓட்டி பிஸ்டனைக் கெடுத்தால் சரிசெய்வது எளிதல்ல.

கேள்வி: கிராங்க் டிரிக்கர் எல்லாம் மாட்டிவிட்டேன், ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வேகம் ஏறினால் தும்முகிறது. சென்சார் புதுசுதான். – சேலம் வாசகர்

பதில்: சென்சாரின் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் காந்த சென்சாருக்குத் திசை உண்டு, தலைகீழாக இருந்தால் விடுபட்ட பல்லை யூனிட் தவறாகப் படிக்கும். அதில் சரியாகாவிட்டால் பிளக் வயரைப் பாருங்கள். வெறும் செம்புக் கம்பி வயர் போட்டிருந்தால் அதன் இரைச்சல் சென்சார் வயரில் ஏறும். ரெசிஸ்டன்ஸ் உள்ள வயரும் ரெசிஸ்டர் பிளக்கும் போடுங்கள். சென்சாருக்கு முறுக்கிய ஷீல்டு வயர், அந்த ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும், பிளக் வயரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். யூனிட்டுக்கும் காயிலுக்கும் கரன்ட்டைப் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பழைய பேலஸ்ட் வயரிலிருந்து எடுத்திருந்தால் அதுவும் தப்பு, பேட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாக முழு 12 வோல்ட் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் மார்க் 2-இல் இன்னும் டயனமோதான். இது ஓடுமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: ஓடும், ஆனால் ஐடிலிங்கில் டயனமோ அநேகமாக ஒன்றும் கொடுக்காது, ராத்திரி ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு நெரிசலில் நின்றால் பேட்டரி இறங்கும். ஆல்டர்னேட்டர் மாற்றிவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் பேட்டரியின் எந்த முனை எர்த்தில் இருக்கிறது என்று பாருங்கள், பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அப்படியே மாட்டினால் யூனிட் அந்த நிமிடமே போய்விடும்.

கேள்வி: மைலேஜ் ஏறுமா அண்ணா? வழியில் நின்றுபோனால் என்ன செய்வது? – கோவை வாசகி

பதில்: மைலேஜுக்காகச் செய்யாதீர்கள் தங்கச்சி. பழைய டைமிங் பிசகியிருந்தால் கொஞ்சம் ஏறும், சரியாக இருந்த வண்டியில் பெரிதாக எதுவும் தெரியாது. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆவதும், ஐடிலிங் ஆடாமல் நிற்பதும்தான் உடனே தெரிகிற வித்தியாசம். எடிஸில் கன்ட்ரோலர் மட்டும் செத்தால் யூனிட் தானாக 10 டிகிரியில் அடித்துக்கொண்டிருக்கும், மெதுவாக வீடு வந்து சேரலாம். சென்சார் போனால் வண்டி நிற்கும், அதனால் டிக்கியில் ஒரு உதிரி சென்சார் எப்போதும் இருக்கட்டும். பழைய டிஸ்டிரிபியூட்டரைப் புஷ் மாற்றி, எண்ணெய் தடவி, காயிலோடு ஒரு பையில் போட்டு அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டர் எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று கழற்றும்போதே படம் எடுத்து வைத்திருந்தால் ரோட்டோரத்திலேயே மாட்டிவிடலாம்.