டிவிக்குப் பின்னால் கம்ப்யூட்டர், கையில் ப்ளூடூத் கீபோர்டு

டிவியோடு ஒரு குட்டி கம்ப்யூட்டரை இணைத்து, சோபாவில் உட்கார்ந்தபடி கீபோர்டில் படம் போட்டுப் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டி கம்ப்யூட்டரில் லிப்ரெஎலெக் (டிவியில் படம் பார்ப்பதற்கென்றே உள்ள லினக்ஸ் இயங்குதளம்) போட்டிருக்கிறோம். ப்ளூடூத் கீபோர்டு முதல் நாள் நன்றாக வேலை செய்தது. மறுநாள் எந்தக் கீயை அமுக்கினாலும் அசைவில்லை. தினமும் பெயரை அழித்து மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது. கீபோர்டு பழுதா?
– வாசகி, சூரமங்கலம்

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. விட்டுப்போனது ‘டிரஸ்ட்’. ‘பேர்’ (pair, அதாவது ஜோடி சேர்ப்பது) செய்யும்போது இரண்டு கருவிகளும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்கின்றன. அதோடு வேலை முடிவதில்லை. கீபோர்டு சும்மா கிடந்தால் சில நிமிடங்களில் தூங்கிவிடும். மறுபடி கீயை அமுக்கும்போது இணைப்பு கேட்டு வருவது கீபோர்டுதான், கம்ப்யூட்டர் அல்ல. அப்படி வருகிற கீபோர்டை யாரையும் கேட்காமல் உள்ளே விடலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் டிரஸ்ட். அதைச் சொல்லாவிட்டால் லினக்ஸ் அனுமதிக்குக் காத்திருக்கும்; அனுமதி கொடுக்க அங்கே ஆள் இருக்காது.

முதலில் டிவி ரிமோட்டிலோ வயர் கீபோர்டிலோ செட்டிங்ஸ் போய், லிப்ரெஎலெக் பகுதியில் ‘சர்வீசஸ்’ என்பதைத் திறந்து ப்ளூடூத் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவை நீக்குங்கள். பிறகு கீபோர்டைச் சேர்க்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வெறுமனே ஆன் செய்தால் போதாது, அதற்கென்று உள்ள பட்டனை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ப்ளூடூத் பக்கத்தில் கீபோர்டின் பெயர் வந்ததும் தேர்ந்தெடுத்து ‘டிரஸ்ட் அண்ட் கனெக்ட்’ கொடுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளுக்குத் திரையில் ஆறு இலக்க எண் வரும். அதை ப்ளூடூத் கீபோர்டிலேயே தட்டி, என்டர் அமுக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தட்டுகிற எண் திரையில் தெரியாது. தெரியவில்லையே என்று பாதியில் நிறுத்தினால் நேரம் கடந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சேர்த்த கையோடு ப்ளக்கைப் பிடுங்காதீர்கள். சாவி மெமரி கார்டில் எழுதி முடியாமலே போகலாம். மெனு வழியாக ஷட்டவுன் கொடுத்து, மறுபடி ஆன் செய்து, ஒரு கீயைத் தட்டிவிட்டுச் சில விநாடி பொறுங்கள். திரையில் அசைவு வந்தால் இனிமேல் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

உபுண்டு, டெபியன் போன்ற சாதாரண லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) ப்ளூடூத் என்ற சொல்லோடு சிடிஎல் என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி, எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்தால் அதற்கான கருவி திறக்கும். அதில் பவர் ஆன், ஏஜென்ட் ஆன், ஸ்கேன் ஆன் என்று வரிசையாகக் கொடுங்கள். கீபோர்டின் முகவரி, இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு ஜோடி, பட்டியலில் வரும். பேர், டிரஸ்ட், கனெக்ட் மூன்றையும் அந்த முகவரியோடு சேர்த்துத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஏஜென்ட்டை விட்டுவிட்டால் ஆறு இலக்க எண் திரைக்கு வராது. பேர் ஆகும்வரை ஸ்கேனையும் நிறுத்தாதீர்கள். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் புதுக் கருவியின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

மினி பிசியை டிவிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறேன். தேடும் இடத்தில் ‘அ’ என்று ஒருமுறை அடித்தால் ‘அஅஅஅஅ’ என்று ஓடுகிறது. சில நேரம் எழுத்தே விழுவதில்லை. வீட்டோடு தறி ஓடுகிறது, அதனால் இருக்குமோ?
– வாசகர், அம்மாபேட்டை

தறியை விட்டுவிடுங்கள். மோட்டாரின் இரைச்சல் வேறு அலைவரிசை. உங்கள் கீபோர்டு பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அங்கே தொல்லை கொடுக்கிற பொருள் பெரும்பாலும் அந்தப் பெட்டியிலேயே சொருகியிருக்கும்: யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3-ல் தரவு ஓடும்போது கிளம்பும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

ஒரே எழுத்து ஏன் ஓடுகிறது? கீயை அமுக்கும்போது ‘அமுக்கினார்’ என்று ஒரு செய்தி, விடும்போது ‘விட்டார்’ என்று ஒரு செய்தி போகிறது. எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது கம்ப்யூட்டரின் வேலை. விட்டார் என்ற செய்தி வரும்வரை போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது செய்தி இரைச்சலில் சிக்கித் தாமதமானால் உங்களுக்கு ‘அ’ வரிசை. முதல் செய்தியே சிக்கினால் எழுத்து விழாது.

சோதிப்பது சுலபம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். சரியாக விழுந்தால் குற்றவாளி அதுதான். டிஸ்கையும் அதன் கேபிளையும் முடிந்தவரை தள்ளி வையுங்கள். உள்ளே உலோக உறை போட்ட (ஷீல்டட்) நல்ல கேபிளாக மாற்றுங்கள். ப்ளூடூத் டாங்கிள் (யூஎஸ்பி துளையில் சொருகும் குட்டித் துண்டு) தனியாக இருந்தால் ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் சொருகி டிவியின் விளிம்புக்கு வெளியே, சோபாவைப் பார்த்த மாதிரி கொண்டுவாருங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். நாங்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். டிவியின் பின்தகடு, சுவரில் அடித்த இரும்பு பிராக்கெட், இரண்டும் அலையை மறைக்கும் என்பதால் பெட்டி இருக்கும் இடமே பாதிப் பிரச்சினை. வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மினி பிசியில் வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில் இருப்பதால், 2.4-ல் படம் ஓடும்போது இரண்டும் ஒரே பாதைக்கு முண்டியடிக்கின்றன.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே பனிமூட்டம் வந்துவிடும். அந்த மாதங்களில் கீபோர்டு அடிக்கடி அறுந்துபோகிறது. மூட்டம் சிக்னலைத் தடுக்குமா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

மூன்று மீட்டர் தூரத்தில் மூட்டம் ஒன்றும் செய்யாது. செய்வது ஈரம். செல் போடும் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ படிந்திருந்தால் மின்சாரம் சீராகப் போகாது; கீபோர்டு ரேடியோவை எழுப்பும் நொடியில் வோல்டேஜ் சரிந்து இணைப்பு அறும். அல்கலைன் செல் கசிந்திருந்தால், செல்லை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். பொடி நுரைத்து அடங்கியதும், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட இன்னொரு குச்சியால் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டுப் புதுச் செல் போடுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்காதீர்கள். கீழே இறங்கிச் சில வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால் செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

ரீசார்ஜ் செல் போட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. அது 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5. அதனால் முழுச் சார்ஜிலும் ‘பேட்டரி குறைவு’ என்று காட்டக்கூடும். பயப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்வதும் பயாஸுக்குள் (இயங்குதளம் எழும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) போவதும் ப்ளூடூத் கீபோர்டில் முடியவில்லையே?
– வாசகர், ஹஸ்தம்பட்டி

பெரும்பாலும் முடியாது. சேர்த்துவைத்த சாவி இயங்குதளத்தின் கோப்புகளில் இருக்கிறது. இயங்குதளம் எழும் முன் கீபோர்டை யாருக்கும் தெரியாது. ஒரே பிசியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றில் சேர்த்தால் மற்றொன்றில் அறுவதும் இதனால்தான்: சாவி புதிதாகிவிடுகிறது. முழுதாக அணைத்த பெட்டியை எழுப்பவும் முடியாது. தூக்க நிலையில் விட்டால் சில மினி பிசிகள் எழும். ராஸ்பெர்ரி பை 4-ல் அதுவும் கிடையாது. ஒரு வயர் கீபோர்டை ஷோகேஸ் இழுப்பறையில் போட்டு வையுங்கள். என்றைக்காவது அப்டேட் சொதப்பும்போது அதுதான் கை கொடுக்கும்.

வயதான பெற்றோருக்கு வாங்கப்போகிறேன். ப்ளூடூத்தா, டாங்கிளோடு வருவதா?
– வாசகர், ஓமலூர்

டாங்கிள். கடையில் வயர் இல்லாத எல்லாவற்றையும் ப்ளூடூத் என்றே சொல்லி விற்கிறார்கள். அட்டைப் பெட்டிக்குள் குட்டி யூஎஸ்பி துண்டு இருந்தால் அது பெரும்பாலும் தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் கீபோர்டு. சொருகினால் போதும், சேர்க்கும் வேலை இல்லை, பயாஸிலும் ஓடும். துண்டு தொலைந்தால்தான் கஷ்டம். வீட்டில் யூஎஸ்பி துளை மீதமில்லை, ஒரே கீபோர்டு ஃபோனுக்கும் வேண்டும் என்றால் ப்ளூடூத் எடுங்கள். ஆனால் டிவி, ஃபோன் என்று கருவியை 1, 2, 3 என மாற்றும் கீ உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பேரன் ஃபோனோடு சேர்த்துவிட்டுப் போன அன்று டிவி முன்னால் தாத்தா தட்டிக்கொண்டிருப்பார்.

லிப்ரெஎலெக்கில் படம் காட்டும் கோடி மென்பொருளில் (பணம் இல்லை, பெயரே அதுதான்) அவர்களுக்கு ஐந்து வகைக் கீ போதும்: அம்புக்குறி, என்டர், நிறுத்தி ஓட்ட ஸ்பேஸ், பின்னால் போக பேக்ஸ்பேஸ், அணைக்கும் மெனுவுக்கு ‘எஸ்’. அந்தக் கீகளில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.