மொட்டை மாடியில் ஒரு வயர்: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

ஹாம் ரேடியோ என்றால் லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோ நிலையத்திலிருந்து பொழுதுபோக்காகப் பேசுவது. அப்படி வீட்டில் நிலையம் வைத்திருப்பவர்கள், வைக்கப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். எனக்குப் பிடித்த கேள்விக்கு நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம்: மாலை 6 மணி ஆனால் 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) இரைச்சலே மீட்டர் ஊசியை எஸ்9 வரை, பலத்த சிக்னல் அளவுக்குத் தூக்குகிறது. ரிக்கை (ரேடியோ கருவியை) சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். ரிக்குக்கு மணி பார்க்கத் தெரியாது. வானத்தின் இரைச்சலும் பொழுது சாய்ந்தால் ஏறும்தான், ஆனால் மெல்ல மெல்ல ஏறும். ஸ்விட்ச் போட்டதுபோல் ஒரே நொடியில் ஏறினால் யாரோ ஸ்விட்ச் போட்டிருக்கிறார்கள்.

ரிக்கைக் கார் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். ஊசி விழுந்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பிறகு ஒவ்வொரு அறையாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டே வாருங்கள். என் வீட்டில் மூன்று வாரம் தேடி, கடைசியில் பூஜை அறையின் 9 வாட் எல்.இ.டி. பல்பில் போய் நின்றேன். மலிவு பல்புகளில் ஃபில்டர் வைக்காமல் விட்டுவிடுவார்கள். அது கக்கும் இரைச்சலுக்கு வீட்டு வயரிங்கே ஆண்டெனா. மெயினை அணைத்தும் குறையவில்லையா? மீடியம் வேவ் டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள்.

கும்பகோணம்: 40 மீட்டர் டைபோலுக்கு (நடுவில் கேபிள் சேரும் இரு பக்க வயர் ஆண்டெனா) எவ்வளவு வயர்?

142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர், பக்கத்துக்கு 10. ஓர் அடி கூடுதலாக விட்டு மடித்து வையுங்கள், வெட்டினால் ஒட்டாது. அப்புறம், கட்டுவதற்கு முன் ஒரு விஷயம்: வயர் அறுந்தால் எங்கே விழும்? ஈ.பி. லைன் மேல் என்றால் அந்த இடமே வேண்டாம்.

திருநெல்வேலி: ஆன்லைனில் கைக்கருவி வாங்கிவிட்டேன். லைசென்ஸ் வரும்வரை சும்மா பேசிப் பார்க்கலாமா?

கூடாது. ஏ.எஸ்.ஓ.சி. (ஹாம் நிலையத்தை இயக்குவதற்கான சான்றிதழ்) தேர்வு எழுதுங்கள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கூட வேண்டாம்.

வேலூர்: எஸ்.டபிள்யூ.ஆர். 1.4. எப்படிக் குறைப்பது?

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பிய பவரில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 1.4-ஐக் குறைக்காதீர்கள். பேசுங்கள்.

ஈரோடு: எஸ்.டபிள்யூ.ஆர். 1.5...

வேலூருக்குச் சொன்னதேதான்.

திருவொற்றியூர்: எனக்கு 1.2 தான். ஆனாலும் 100 வாட்டில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை. கேபிள் எட்டு வருடப் பழசு.

இதுதான் கேள்வி. டம்மி லோடுக்கு (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டி, பவரைச் சூடாக்கித் தீர்க்கும் ரெசிஸ்டர்) எஸ்.டபிள்யூ.ஆர். 1. அதை வைத்து யாராவது ஜப்பானோடு பேசியிருக்கிறார்களா?

கணக்கைப் பாருங்கள். கேபிளில் 10 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் கிளம்பினால் மேலே 10 வாட்தான் போய்ச் சேரும். அங்கே ஆண்டெனாவே அறுந்து கிடந்தாலும் அந்த 10 வாட்டும் திரும்பி, வழியில் மறுபடி தேய்ந்து, 1 வாட்டாக மீட்டருக்கு வரும். 100-க்கு 1 என்றால் மீட்டர் காட்டுவது 1.2. கேபிள் கெடக் கெட மீட்டர் சிரிக்கும்.

நானும் கடலோரவாசிதான். என் மாடியில் கனெக்டரைக் கழற்றி, கேபிளின் கறுப்பு உறையை ஒரு சாண் நீளத்துக்குக் கீறினேன். பளபளவென்று இருக்கவேண்டிய செப்புப் பின்னல் பாசி பிடித்ததுபோல் பச்சை. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. கேபிளை மாற்றுங்கள். புது கனெக்டரைச் சுற்றி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

சேலம்: ஐயா, இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. கேபிளை ஒரு மீட்டர் வெட்டினேன், 2.2 இருந்தது 1.3 ஆனது. 15 வருடமாக இப்படித்தான் ட்யூன் செய்கிறேன்.

15 வருடமாகத் தப்பாகச் செய்கிறீர்கள். கோபிக்க வேண்டாம். நல்ல கேபிளில் ஒரு மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர். அசையக் கூடாது. அசைகிறது என்றால் பின்னலின் வெளிப்பக்கத்திலும் கரண்ட் ஓடுகிறது, கேபிள் உங்கள் டைபோலுக்கு மூன்றாவது காலாகிவிட்டது. நீங்கள் வெட்டியது அந்தக் காலை.

சேலம் மீண்டும்: மீட்டர் பொய் சொல்லுமா?

திருவொற்றியூருக்குச் சொன்னதைப் படித்தீர்களா? ஒன்று கேட்கிறேன்: பேசும்போது மைக் உதட்டில் சுள்ளென்கிறதா?

சேலம்: ... ஆமாம். எர்த் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

எர்த் இல்லை, அந்தக் கரண்ட்தான் கேபிள் வழியே மேசைக்கு வந்து உங்களைக் கடிக்கிறது. பெரிய ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றி, டைபோல் நடுவில் கேபிள் சேரும் இடத்திலேயே தொங்கவிடுங்கள், அது அந்த வெளிக் கரண்டைத் தடுக்கும்.

மதுரை: எஃப்.டி.8-இல் (கணினி வழியாகச் சிறு செய்திகளை அனுப்பும் முறை) திரை நிறைய சிக்னல் ஓடுகிறது, ஒன்றும் டீகோட் ஆகவில்லை.

கணினிக் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், அந்த முறையில் அனுப்புவதும் கேட்பதும் நேரக் கணக்குப்படிதான். இரண்டு மூன்று நொடி பிசகினாலே போச்சு.

ஓசூர்: மைக்கை அழுத்தியதும் ரிக் அணைந்துவிடுகிறது.

வோல்டேஜ் சரிகிறது. 100 வாட் ரிக் 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கலாம், நீங்கள் ஃபேன் வயரில் இணைத்திருப்பீர்கள். மைக்கை அழுத்தியபடி வோல்ட் மீட்டரை ரிக்கின் முனையில் வைத்து அளந்து பாருங்கள், பவர் சப்ளையின் முனையில் அல்ல.

கடலூர்: எஸ்.டபிள்யூ.ஆர். 1.6...

வேலூர், ஈரோடு.

நாகர்கோவில்: இடி மின்னலுக்கு ரிக்கை அணைத்தால் போதுமா?

போதாது. கோஆக்ஸைக் (ஆண்டெனா கேபிளை) கழற்றி வெளியே போடுங்கள், பவர் சப்ளையின் பிளக்கையும் பிடுங்குங்கள். மேகம் கறுக்கும்போதே செய்யவேண்டும், இடி கேட்டபிறகு கேபிளைத் தொடாதீர்கள்.

சேலம்: ஃபெரைட் போட்டேன். மைக் கடிக்கவில்லை. ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். 2.1-க்கு ஏறிவிட்டது!

இப்போதுதான் மீட்டர் உங்கள் டைபோலை அளக்கிறது. 7.0-இல் குறைவாகவும் 7.2-இல் அதிகமாகவும் காட்டினால் வயரின் நீளம் அதிகம். இரு முனையிலும் விரல் நீளம் மடித்துவிட்டு மறுபடி பாருங்கள். மாடி ஏறுமுன் ஈ.பி. லைன் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.