சிதைவு வேறு, நலிவு வேறு

கேள்வி: 'ஆட்ரஃபி' என்ற ஆங்கிலச் சொல்லை உங்கள் இதழில் ஒரு சமயம் 'மெலிவு' என்கிறீர்கள், இன்னொரு சமயம் 'நலிவு' என்கிறீர்கள். மெதுவாக அழிவதுதானே அது? எல்லோரையும் போல 'சிதைவு' என்று எழுதிவிட்டுப் போனால் என்ன?

பதில்: எழுதலாம், ஆனால் பொருள் கெட்டுவிடும். இரும்பு துருப்பிடிப்பதும், மரம் உளுத்துப்போவதும், கரையை அலை அரிப்பதும்கூட மெதுவாக அழிவதுதான். மூன்றையும் ஒரே சொல்லால் சொல்ல நமக்கு மனம் வருமா?

ஆங்கிலத்தில் துருப்பிடிப்பதைச் சொல்லும் 'கரோஷன்', அலை அரிப்பதைச் சொல்லும் 'எரோஷன்' இரண்டும் கொறித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தவை. வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து தின்கிறது. ஆட்ரஃபி கிரேக்கச் சொல். 'ட்ரொஃபே' என்றால் ஊட்டம். முன்னால் நிற்கும் எழுத்து இல்லாமையைக் குறிக்கிறது. ஊட்டம் போகாமல், வேலை இல்லாமல், தானாகச் சுருங்கிப்போவது.

கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவரைப் பாருங்கள். சில வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால், அந்தக் கெண்டைக்கால் மட்டும் சூம்பிப்போய், தொட்டால் தொளதொளவென்றிருக்கும். அங்கே எதுவும் அழுகவில்லை. அசைவில்லாததால், உடம்பு புதிதாகக் கட்டும் புரதத்தைவிடக் கரைக்கும் புரதம் கூடிவிட்டது, தசைநார்கள் மெலிந்துவிட்டன. அவ்வளவுதான். நடந்து பழகினால் பெரும்பாலும் பழைய பருமன் திரும்பிவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் 2 மணி நேரத்தை உடற்பயிற்சிக்கென்று ஒதுக்குவதும் இதைத் தடுக்கத்தான். சிதைந்த பொருள் இப்படித் திரும்பி வருமா?

ஆங்கிலத்தில் 'ஆட்ரஃபி' என்ற சொல்லைக் கையாள்வதும் கடினமில்லை. பெயராகவும் வினையாகவும் அதே வடிவம்தான்; அழுத்தம் முதல் அசையில். பாழடைந்த கட்டடத்துக்கோ துருப்பிடித்த கதவுக்கோ அது ஒட்டாது. பேசாமல் விட்ட மொழி, பழகாமல் விட்ட கைத்திறன், கூடாமலே கிடக்கும் குழு ஆகியவற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு சபையின் அதிகாரம் 'எரோட்' ஆனது என்றால், யாரோ அரித்தார்கள் என்று குற்றம் சாட்டுகிறோம். 'ஆட்ரஃபி' ஆனது என்றால், இருந்த அதிகாரத்தைச் சபையே பயன்படுத்தவில்லை என்கிறோம். குற்றவாளியே மாறிவிடுகிறார்! அரசியல் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் இதைக் கோட்டைவிட்டால், எழுதியவர் சொல்லாததை அவர் வாயில் திணித்ததாகிவிடும்.

இதைவிட எனக்கு ஆறாத விஷயம் நோய்ப் பெயர்கள். 'ஸ்பைனல் மஸ்குலர் ஆட்ரஃபி', 'மஸ்குலர் டிஸ்ட்ரஃபி' இரண்டுமே செய்திகளில் 'தசைச் சிதைவு' ஆகிவிடுகின்றன. முதலாவதில் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் அழிகின்றன. கட்டளை வராததால் தசை மெலிகிறது. இரண்டாவதில் கோளாறு தசையிலேயே இருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த டுஷென் நோயில், தசையணுவைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதமே அநேகமாக இருப்பதில்லை. மரபணு வேறு, மருந்து வேறு. குழந்தைக்கு நோய் என்று கேள்விப்பட்டுத் தமிழில் தேடிப் படிக்கும் பெற்றோர், வேறொரு நோயின் சிகிச்சையைப் படித்துவிட்டு நம்பிக்கை வைக்கிறார்கள். நம் சோம்பலுக்கு அவர்கள் ஏன் அவதிப்பட வேண்டும்?

ஆகவே 'சிதைவு' டிஸ்ட்ரஃபிக்கு இருக்கட்டும். ஆட்ரஃபி என்று வந்தால், உடலுறுப்புக்கு மெலிவு, திறமைக்கும் அமைப்புக்கும் நலிவு. இந்த இதழில் இனியும் அப்படித்தான் வரும்.