கிளாட் எழுதணும், எப்படிப் படிக்கட்டும்? – கேள்வி பதில்

குடியாத்தம் மாணவி: பிளஸ் டூ, தமிழ் மீடியம். தேசிய சட்டப் பல்கலையில சேர எழுதுற கிளாட் நுழைவுத் தேர்வு டிசம்பர்ல, ஆறு மாசம்தான் இருக்கு. எங்க ஆரம்பிக்கட்டும் அக்கா?

பதில்: டைம்டேபிள் போடுறதுல ஆரம்பிக்காதம்மா. வினாத்தாள் முழுக்க இங்கிலீஷ், 120 நிமிஷத்துல 120 கேள்வி. நான் பார்த்தவரை பலருக்கும் விடை தெரியாதது பிரச்சினை இல்ல; படிச்சு முடிக்க முடியறதில்ல. முதல் ரெண்டு மாசம் தினம் ஒரு இங்கிலீஷ் தலையங்கத்தைக் கடிகாரம் வச்சுப் படி. முடிச்சதும் எழுதினவர் என்ன சொல்றார்னு ரெண்டு வரி எழுது, தமிழ்லயே எழுது, பரவாயில்ல. அடுத்த ரெண்டு மாசம் சட்டப் பகுதி, நடப்புச் செய்தி. ஒவ்வொண்ணுலயும் 28லிருந்து 32 கேள்வி வரும், பாதித் தாள் அதுலயே போயிடும். கணக்கு 10லிருந்து 14தான். பத்தாம் வகுப்புச் சதவீதம், விகிதம் போதும். கடைசி ரெண்டு மாசம் மாதிரித் தேர்வு. எழுதின நேரத்தைவிடத் தப்பை அலசுற நேரம் கூட இருக்கணும்.

ஆம்பூர்: ஐ.பி.சி., அதான் இந்தியத் தண்டனைச் சட்டம், மனப்பாடம் பண்ணணுமா?

பதில்: அந்தச் சட்டமே 2024 ஜூலை 1லிருந்து போயாச்சு தம்பி, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா. அதையும் மனப்பாடம் பண்ணாதே. கேள்வியோட ஒரு பத்தி தருவாங்க, விதி அதுலயே இருக்கும். 18 வயசு ஆகாதவன் போட்ட ஒப்பந்தமும் செல்லும்னு பத்தி சொன்னா, அந்தக் கேள்விக்கு அது செல்லும். ‘நிஜச் சட்டம் அப்படி இல்லையே’ன்னு யோசிச்சா மார்க் போச்சு.

ராணிப்பேட்டை: எந்த கோச்சிங் சென்டர்?

பதில்: பேர் சொல்ல மாட்டேன்.

அரக்கோணம்: எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பதில்: தலையங்கம்! முதல் பதிலைப் படிங்க. பொது அறிவுத் தலையணைப் புத்தகம் வாங்காதீங்க.

திருப்பத்தூர்: காட்பாடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கே, கிளாட் எதுக்கு?

பதில்: நியாயமான கேள்வி. அங்க அஞ்சு வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஃபீஸும் ரொம்பக் கம்மி. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கு கிளாட் வேணும்.

திருப்பத்தூர்: தேசிய சட்டப் பல்கலையில படிச்சவங்க கம்பெனிக்குப் போயிடறாங்க. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுல யாரு நிக்கிறா?

பதில்: கடன் வாங்கிப் படிச்சவனை ஜூனியர் வக்கீல் சம்பளத்துல நிக்கச் சொல்றது யார் தப்பு? மாத்த வேண்டியது சீனியர்கள் தர்ற சம்பளத்தை.

ஆற்காடு: அப்ப ரெண்டுக்கும் போடலாமா?

பதில்: கண்டிப்பா.

வாலாஜா: எந்தப் புத்தகம்...

பதில்: தம்பி!

ஆரணி: நெகட்டிவ் மார்க் பயமா இருக்கு.

பதில்: ஒரு தப்புக்குக் கால் மார்க் குறையும். நாலுல ரெண்டு விடையைத் தப்புன்னு தள்ளிட்டா மிச்ச ரெண்டுல துணிஞ்சு ஒண்ணைப் போடு.